இடப்பக்கம் மேலே

குராமொச்சிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஜப்பானின் சகாதா நகரத்தில் காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். வீட்டில் பேச்சுத் துறை முழுவதும் மனைவி ஃபுமியேவின் கையில் இருந்தது. அவள் பேசுவாள், இவர் பின்னால் நின்று தலையாட்டுவார். அப்படிப்பட்ட மனிதர், விடுதியிலிருந்து தொலைபேசியில் "எத்தனை பேருங்க?" என்று கேட்டதும், கொஞ்சமும் தடுமாறாமல் "ரெண்டு பேர்" என்றார். ஃபுமியே அந்தக் கோடையில்தான் இறந்துபோயிருந்தாள்.

பொய்க்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். வெந்நீர் ஊற்று விடுதிகளில் ஒற்றை ஆளுக்கு அறை தரமாட்டார்கள். மலைக்குத் தனியாக வருகிறவன் உயிரை விடத்தான் வருகிறான் என்று விடுதிக்காரர்களுக்குப் பயம். சின்ன வயதிலிருந்தே அவர் கேட்ட சங்கதி இது. இலைகள் சிவக்கும் பருவத்தில் வருடம் தவறாமல் இருவரும் தங்கிய அந்த ஆற்றோர அறையில், யாரும் தொந்தரவு செய்யாமல் ஒரு ராத்திரி இருந்துவிட்டு வரவேண்டும். அவருக்கு மிச்சமிருந்த ஆசை அவ்வளவுதான்.

வாசலில் மிசாவோ குனிந்து வணங்கி வரவேற்றாள். அந்த அறைக்கு வழக்கமாகச் சாப்பாடு கொண்டுவருகிறவள், இருவரையும் நன்றாகத் தெரிந்தவள்.

"அம்மா எங்கய்யா?"

"பின்னாடி பஸ்ல வர்றா."

மிசாவோ ஒரு நொடி அவரையே பார்த்தாள். "சரிங்கய்யா" என்று பையை வாங்கிக்கொண்டாள். அவர் வந்து இறங்கியதே அன்றைய கடைசி பஸ். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர் போயும் போயும் பஸ்ஸில் கோட்டை விட்டார். அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

அறையில் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன. இரண்டு மெத்தைத் திண்டு, இரண்டு தேநீர்க் கோப்பை, கூடையில் இரண்டு யுகாதா, மார்பின் குறுக்கே ஒரு பக்கத்தின்மேல் மறுபக்கம் வரும்படி கட்டும் பருத்தி அங்கி, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பெரியதை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். வெந்நீர்த் தொட்டியில் வேறு யாருமில்லை. இந்நேரம் பெண்கள் பக்கத்திலிருந்து சுவருக்கு மேலாக ஃபுமியேவின் குரல் வரும். "ஏங்க, நான் கிளம்பறேன், நீங்களும் எழுந்திருங்க" என்பாள், ஊருக்கே கேட்கும்படி. வெட்கமாக இருக்கிறது என்று இவர் எத்தனையோ தடவை சலித்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு எப்போது எழுவது என்று தெரியாமல், தலை கிறுகிறுக்கும்வரை தண்ணீரிலேயே கிடந்தார்.

யுகாதாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அறைக்கு வந்து உட்கார்ந்தார். இரவுச் சாப்பாட்டோடு உள்ளே வந்த மிசாவோ அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு சுட்ட ஆற்றுமீனையும், சேப்பங்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்ட சூப்பையும் இருவருக்கும் பரிமாறினாள். பரிமாறிவிட்டுப் போகாமல் கதவோரம் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஆற்றில் தண்ணீர் அதிகம் என்றாள். இந்த வருடம் கரடி நடமாட்டம் அதிகம் என்றாள். அவர் "உம்" கொட்டினார். கழிவறைக்குப் போனால் வெளியே நின்றாள். திரும்பி வந்ததும் ஜன்னலுக்குத் தாழ் போட்டாள்.

அவருக்கு எரிச்சல் தாங்கவில்லை. "என்னங்க இது, எனக்குக் காவலா?"

மிசாவோ தலை நிமிரவில்லை. "முதலாளியம்மா உங்கள விட்டு நகரக் கூடாதுன்னுட்டாங்க. கடைசி பஸ்ல வந்துட்டு, அம்மா பின்னாடி பஸ்ல வர்றாங்கன்னீங்க. இப்ப... உங்க உடுப்பக் கொஞ்சம் பாருங்கய்யா."

குனிந்து பார்த்தார். வலப்பக்கம் மேலே வந்திருந்தது. பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு எப்போதும் இடப்பக்கம்தான் மேலே. மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

"சாகணும்னு வரலைங்க" என்றார். "இங்க வந்தா அவதான் எனக்கு உடுத்திவிடுவா. எதுக்க நின்னு ஒரு இழுப்பு, பட்டைய ஒரு முடிச்சு. நான் கைய விரிச்சுட்டு நிப்பேன், அவ்வளவுதான் என் வேலை. இந்த மாதிரி துணிய என் கையால போட்டுவிட்டது ஒரே ஒரு தடவை. அவளப் பெட்டியில வைக்கறப்ப. வலது மேல வரணும், வலது மேல வரணும்னு பக்கத்துல இருந்தவர் சொல்லிக்கிட்டே இருந்தார். கைக்கு அது ஒண்ணுதான் தெரியுது."

மிசாவோ கதவோரத்திலிருந்து எழுந்து கிட்டே வந்தாள். "நான் சரிபண்ணி விடட்டுங்களா?" என்றாள்.

"வேண்டாம். சொல்லுங்க, நானே பண்றேன்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொல்லச் சொல்ல, அவர் அவிழ்த்து மறுபடி கட்டினார். கோணலாகத்தான் வந்தது. ஆனால் இடப்பக்கம் மேலே இருந்தது.

திரும்பிப் பார்த்த மிசாவோ சொன்னாள். "தனியா வர்றவங்களுக்கும் நாங்க அறை தர்றோம்யா. அந்தக் கதையெல்லாம் எப்பவோ போச்சு. ஒரு ஆளுன்னு போன்லயே சொல்லியிருக்கலாமே."

குராமொச்சி இரண்டு பேர் என்று சொன்னது விடுதி மறுக்கும் என்பதற்காக அல்ல. ஒருவர் என்று சொல்ல வாய் வரவில்லை. அது இப்போதுதான் அவருக்கே விளங்கியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சூப்புக் கிண்ணத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தன் பங்கைக் குடித்து முடித்ததும் எதிர்த் தட்டிலிருந்த சேப்பங்கிழங்குகளையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். ஃபுமியே இருந்தாலும் அவை அவர் கிண்ணத்துக்குத்தான் வந்திருக்கும்.

தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு மிசாவோ அலமாரியைத் திறந்தாள். "படுக்கை எத்தனை போடட்டுங்க?"

அவர் கூடையில் இருந்த சின்ன யுகாதாவைப் பார்த்தார்.

"ஒண்ணு."

அவள் அதை அறையின் நடுவில் விரித்தாள்.

"நடுவுல வேண்டாங்க. கதவுப் பக்கமா தள்ளிப் போடுங்க. ஜன்னலோரம் அவ படுப்பா."

மிசாவோ படுக்கையைக் கதவுப் பக்கமாக இழுத்துப் போட்டாள். ஜன்னல் தாழை நீக்கிவிட்டு, குனிந்து வணங்கி, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். காலடிச் சத்தம் தாழ்வாரத்தின் கடைசிவரை போய் ஓய்ந்தது. பக்கத்தில் தரையை மூடிய பாய் ஜன்னல்வரை வெறுமையாகக் கிடந்தது. குராமொச்சி தான் கேட்டபடியே அந்த அறையில் தனியாக இருந்தார்.