கூரை எட்டாத சுவர்

நேற்று இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனையில் யாரோ மிலாறு எரித்துக்கொண்டிருந்தார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளின் அந்தக் கசந்த புகை மூக்கில் ஏறியதும், இன்று மானாப்புல் மூடிக் கிடக்கும் எங்கள் லயத்து வரிசை வீடுகளும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அங்கே அன்றாடம் விழுந்த அடிகளின் சத்தமும் ஒன்றாக எழுந்து வந்தன. ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு அக்கரப்பத்தனை மேகம் தழுவும் மலை. எனக்கு அடி விழும் இடம்.

காம்பரா என்று நாங்கள் சொல்லும் ஒற்றை அறைகளுக்கு நடுவிலிருந்த சுவர் கூரை வரை எட்டாது. அப்பா கைவைத்தால் அடுத்த காம்பரா செல்விக்கு அப்படியே கேட்கும். ஓய்ந்ததும் அவள் தன் பக்கத்தில் அடுக்கியிருந்த மிலாறு விறகின் மேல் ஏறி, சுவருக்கு மேலே தலையை நீட்டுவாள்.

"அழுவாத புள்ள. என்னா நடந்துச்சுன்னு முழுசா சொல்லு."

"அப்பா அம்மாவ அடிச்சிட்டாரு."

"அதான் எனக்கும் கேட்டுச்சே. எதால அடிச்சாரு? அம்மா கையில என்னா இருந்துச்சு?"

கத்திப்பிடி, ரொட்டி மாவு, சுவரில் மாவாய்ப் பதிந்து வழுக்கிய விரல்கள் என்று நான் சொல்லச் சொல்ல என் நடுக்கம் அடங்கும். இன்றும் எதை எழுதினாலும் செல்விக்குத்தான் முதலில் வாசித்துக்காட்டுகிறேன்.

ஒருநாள் அடி அவள் பக்கம் விழுந்தது. அவளுடைய அண்ணனின் பெல்ட் வீசும் சத்தம், குடம் உருண்ட சத்தம், பிறகு ஒன்றுமில்லை. நான் எங்கள் பக்கத்து விறகின் மேல் ஏறிப் பார்த்தேன். செல்வியின் உதடு கிழிந்திருந்தது.

"முழுசா சொல்லு" என்றேன்.

"வாய் தொறக்க முடியல. நீ சொல்லு."

கேட்டதோடு கேட்காததையும் சேர்த்து, அவள் பட்ட அடியை அவளுக்கே சொன்னேன். செல்வி இரத்தத்தைத் துப்பினாள்.

"கொடம் தானா உருளல. நாந்தான் அவன் மண்டையில போட்டேன். மறுபடி சொல்லு."