பிளாட்ஃபாரத்தை முடிவு செய்தவர்கள்

வெப் அப்ளிகேஷன் எழுதிப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, எந்தப் பிளாட்ஃபாரத்தில் எழுதுவது, ரியாக்டா ஆங்குலரா என்று நீங்களும் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள். தென்காசியில் பதினைந்து வருஷமாக இதே தொழிலில் இருக்கும் எனக்கு அந்த முடிவை எடுக்கும் பாக்கியம் ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை.

திறந்த கதவு

என் முதல் கஸ்டமர் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் சுடலைமுத்து அண்ணாச்சி. ரூம் புக்கிங்குக்கு நான் செய்துகொடுத்த திரையில் ஒவ்வொரு அறையும் படமாகத் தெரியும். தொட்டால் கதவு மெதுவாகத் திறக்கும், உள்ளே கட்டில் தெரியும். அதற்கென்று பிரவுசரில் பிளகின் என்று ஒரு துணை மென்பொருள் போட வேண்டும். அந்தக் கதவுக்காகவே நான்கு மாதம் உழைத்தேன்.

சீசன் தொடங்கியது. ஜனங்கள் மெயின் அருவிப் பக்கம் நின்றுகொண்டு செல்போனில் ரூம் தேடினார்கள். செல்போனில் அந்தப் பிளகின் வேலை செய்யாது. வெள்ளைக் கட்டம் மட்டும் தெரிய, அடுத்த லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சி கூப்பிட்டதும் திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அவரோ டீ வாங்கிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: “கதவு அழகாத்தான் தொறக்குது தம்பி. ஆனா அதைத் தொறக்க வாறவன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டுல்லா குத்தாலத்துக்கு வரணும்?”

கடையத்துக்காரி

எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஏதோ ஒரு வழியாகச் சில வருஷம் ஓட்டினேன். பிறகு, இனிமேல் ஒழுங்காகச் செய்வோம் என்று மூன்று வாரம் படித்து, ஒப்பிட்டுப் பார்த்து, ஆங்குலர்தான் என்று தீர்மானித்து, ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தேன். வந்தவர்களில் வேலை தெரிந்தவர் ஒருவர்தான். கடையத்திலிருந்து வந்த முத்துலட்சுமி. சென்னையில் வேலை பார்த்து, குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டு வந்து ஐந்து வருஷமாக வீட்டில் இருந்தவர். மகள் தூங்கும் நேரத்தில் தானாகவே ரியாக்ட் படித்திருந்தார். தன் தெருவிலுள்ள தாய்மார்களுக்காக, யார் குழந்தைக்கு எப்போது தடுப்பூசி என்று நினைவூட்டும் அப்ளிகேஷன் ஒன்றைக் காட்டினார்.

“ஆங்குலர் படிப்பீங்களா?” என்றேன்.

“படிக்கேன் சார். ஆனா நாளாவும். இதுலன்னா இன்னைக்கே உக்காந்துருவேன்.”

அந்த இடத்திலேயே எங்கள் கம்பெனி ரியாக்டுக்கு மாறியது. திங்கட்கிழமை வரச் சொன்னேன். வெளியே போய்க் கணவருக்குப் போன் போட்டவரின் குரல் கதவு வழியாகக் கேட்டது: “ஏங்க, அந்த அஞ்சு வருஷம் வீணாப் போவலங்க.”

விற்க வந்தவர்

முத்துலட்சுமி முதலில் செய்தது அண்ணாச்சியின் லாட்ஜ் வேலை. நெட் இல்லாவிட்டாலும் ரிசப்ஷன் போனிலேயே புக்கிங் பதிவாகி, நெட் வந்ததும் தானாகப் போய்ச் சேரும்படி எழுதினார். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நான்தான் முணுமுணுத்தேன். “எங்க ஊர்ல சிக்னல் போறது உங்களுக்குத் தெரியாது சார்” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

போன சீசனில் வெளியூரிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வேறொரு பிளாட்ஃபாரத்தில் செய்த புக்கிங் திரையை அண்ணாச்சிக்குக் காட்ட வந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்கள். வண்ண வண்ணமாக வரைபடங்கள். எனக்கே ஆசையாக இருந்தது. அண்ணாச்சி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பயந்தேன். அப்போது மலையில் பிடித்த மழை கீழே இறங்கியது. சிக்னல் போயிற்று. வந்தவரின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ரிசப்ஷனில் இருந்த பெண், கைக்குழந்தையோடு நனைந்து வந்த குடும்பத்துக்கு எங்கள் திரையில் பதிந்து சாவியைக் கொடுத்து அனுப்பினார்.

வந்தவர் முகம் வாடிவிட்டது. போகும்போது தலையில் போட்டுக்கொள்ள அண்ணாச்சி அவருக்கு ஒரு துண்டு எடுத்துக்கொடுத்தார். “படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இங்கன சீசன்னாலே மழைதானே?”

வாசுதேவநல்லூர் ஆர்டர்

விதைக்கடைக்காரர் ஒருவர் வாசுதேவநல்லூரிலிருந்து வந்தார். எங்கள் பிளாட்ஃபாரத்தின் மேன்மைகளை முத்துலட்சுமி விளக்க ஆரம்பித்தார். கடைக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார்: “அதெல்லாம் எதுக்கும்மா? குத்தாலத்துல என்ன போட்டியளோ அதையே போடுங்க. சந்தேகம்னா அண்ணாச்சிக்கிட்ட கேட்டுக்கிடுவேன்.”

எந்தப் பிளாட்ஃபாரம் சிறந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் எங்களுக்குக் கஸ்டமராக வந்ததுமில்லை.