தமிழ் வகுப்பில் வலை இழுத்தோம்

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இன்றைக்கு எண்ணூர் சாலையில் என் லாரி போகாத நாள் கிடையாது. அன்றைக்குச் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் பாதிப்பேர் அந்த லாரிகளில்தான் வேலை பார்க்கிறார்கள். எல்லாம் நான் என் கையால் உண்டாக்கியது, யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் அந்த எட்டாம் வகுப்பு மட்டும் தவறியிருந்தால், கட்டுமரத்தில் குப்புறப் படுத்து வாந்தி எடுத்தே என் காலம் போயிருக்கும்.

கரையில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. நீச்சலில் என்னை முந்தியவன் கிடையாது. பயமும் கிடையாது. வயிறுதான் கேட்காது. அப்பாவோடு கட்டுமரத்தில் ஏறிய முதல் நாளே, அலை தாண்டியதும் குடல் வாய்க்கு வந்துவிட்டது. பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். மறுபடி ஏறினேன், மறுபடி அதே கதைதான். அப்பாவின் கூட்டாளி ஒருவர், வாழ்நாள் முழுக்க அவரோடு ஒரே மரத்தில் போனவர், கரையில் இறங்கியதும் ஊரே கேட்கிற மாதிரி சொன்னார்: "பையன் மீன் புடிக்க வர்ல நைனா. மீனுக்குச் சோறு போட வந்துக்கிறான்."

அன்றைக்கு அப்பா என்னைப் பார்த்து ஒரு வார்த்தைதான் சொன்னார். "எட்டு பாஸ் பண்ணு, கம்பெனி வேலைக்குப் போ. கோட் அடிச்சியா, மரத்துல ஏறு. நடுவுல வேற வழி கெடையாது." கோட் அடிப்பது என்றால் எங்கள் பக்கத்தில் பரீட்சையில் தோற்பது. அந்த நாளில் எட்டு பாஸ் பண்ணியவனை ரயிலடியிலும் துறைமுகத்திலும் கம்பெனிகளிலும் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். எனக்கு அந்த எட்டு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

எட்டாம் வகுப்பின் முதல் நாள் தமிழ் வாத்தியார் கையில் புத்தகம் இல்லாமல் உள்ளே வந்தார். தெற்கே எங்கோ அவர் ஊர். எங்கள் காற்றில் கரித்தூளும் கருவாடும் கலந்து வருவது அவருக்குப் பிடிக்காது, கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே மாட்டார். அன்றைக்கு எடுத்தார்.

"வருஷக் கடைசியில் உங்களிடம் எனக்கு என்ன வேண்டும் என்பதை இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் தெரியாது என்று சொல்லக்கூடாது. பக்கோடா கட்டிவந்த காகிதமாக இருந்தாலும் சரி, கையில் கொடுத்தால் விரல் வைத்துத் தடவாமல் படிக்க வேண்டும். படித்ததை மடித்து வைத்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று சொந்தமாகச் சொல்ல வேண்டும். நெட்டுருப் போட்டது எனக்கு வேண்டாம். செய்யுள் என்றால் நிமிர்ந்து நின்று, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். ஒரு கடிதம் எழுதினால், வாங்கியவன் திரும்பி வந்து என்ன எழுதினாய் என்று கேட்கக் கூடாது. இவ்வளவுதான். இதற்குமேல் வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்."

பின்னால் இருந்து என் கூட்டாளி ஒருவன் எழுந்தான். எங்கள் குப்பத்துப் பையன், என்னோடு வலைக்கயிறு பிடிப்பவன்.

"ஐயா, கிளாஸ்ல 'இன்னா' சொல்லலாங்களா?"

"வாசலுக்கு வெளியே எத்தனை வேண்டுமானாலும் சொல். உள்ளே 'என்ன'."

"வாசப்படியில நின்னா ஐயா?"

வாத்தியார் சிரிக்கவில்லை. "வாசப்படியில் நிற்பவனுக்குப் பிரம்பு," என்றார்.

அவர் கேட்டதில் செய்யுள்தான் எல்லாருக்கும் பயம். எனக்கு அது ஒன்றுமே இல்லை. எப்படி என்று சொல்கிறேன். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் காலையில் குப்பத்துப் பையன்கள் பெரிய வலை இழுக்கப் போவோம். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையிலிருந்து இழுக்கிற வேலை. கயிற்றுக்கு முன்னால் ஒருத்தர் நின்று பாட்டில் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் எல்லாரும் "ஏலோ" என்று சொல்லி ஒரே மூச்சாக இழுக்க வேண்டும். அவர் அடுத்த அடி சொல்வார், மறுபடி ஏலோ.

இதில் ஒரு சட்டம் உண்டு. ஏலோ வராமல் முன்னால் நிற்பவர் அடுத்த அடிக்குப் போகவே கூடாது. ஏலோ வரவில்லை என்றால் பின்னால் எவனோ கயிற்றை விட்டுவிட்டான் என்று அர்த்தம். அது தெரியாமல் அவர் பாட்டுக்கு அடுத்த அடி கொடுத்து இழுக்கச் சொன்னால், பாரம் மிச்சப்பேர் மேல் விழுந்து தண்ணீருக்குள் இழுத்துப் போய்விடும். அதனால் எத்தனை நேரமானாலும் ஏலோவுக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே இதுவும் பழகிவிடும்.

என் குரல் அலைக்கு மேலே கேட்கும். அதனால் எங்கள் பக்கத்துக் கயிற்றில் பல நாள் நான்தான் முன்னால். குப்பத்துப் பாட்டுக்குப் பதிலாக வாத்தியார் கொடுத்த செய்யுளை எடுத்துவிட்டேன். ஒரு அடி, ஒரு ஏலோ. மீன் சேர்கிற பை, அதுதான் வலையின் மடி, அது கரை சேர்வதற்குள் செய்யுள் முழுசும் உள்ளே இறங்கிவிடும். கயிறு பிடித்த அத்தனை பையன்களுக்கும் சேர்த்துத்தான். இப்படி ஒரு வழியை அதற்கு முன் எவனும் கண்டுபிடித்ததில்லை, நான்தான் கண்டுபிடித்தேன்.

வயசானவர்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை. "இன்னாடா பாட்டு இது, ஒரு எழவும் பிரியல," என்றார் ஒருவர்.

"தமிழு மாமு."

"அப்போ நாம பேசிகினு கீறது இன்னாது, தெலுங்கா?"

செய்யுள் முடிந்தது. ஆனால் உரைநடையைக் கயிற்றில் கட்டி இழுக்க முடியவில்லை. அது எங்கே முடியும் என்றே தெரியாது, போய்க்கொண்டே இருக்கும். அதற்கு ஒரே வழி, வாத்தியார் சொன்ன பக்கோடா காகிதம்தான். கடையில் பொட்டலம் கட்டி வந்ததையெல்லாம் எடுத்து வைத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். அம்மா ராயபுரம் வரைக்கும் கூடை சுமந்து மீன் விற்றுவிட்டு வந்து, வீட்டுக்கான மீனை அரிவாள்மணையில் வைத்து ஆய்ந்துகொண்டே கேட்பாள். பாதியில் நிறுத்திவிடுவாள்.

"நீ படிச்சது போதும். அதுல இன்னா சொல்றான், அத்தச் சொல்லு."

சொல்லத் தெரியவில்லை என்றால் மீன் செதிலைச் சுண்டி என் மேல் அடிப்பாள். கிழிந்த காகிதத்தில் பாதிச் செய்திதான் இருக்கும். "மீதி இன்னா ஆச்சு?" என்று கேட்டால் நான் எங்கே போவேன். அதற்கும் செதில்தான்.

வருஷக் கடைசியில் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்னார்கள். தலைமை ஆசிரியர் வகுப்பில் வந்து நின்று, இன்ஸ்பெக்டர் முன்னால் தமிழில் திணறுகிறவனைப் பொதுப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வாத்தியார் செய்யுள் சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்தார். வேறு யாரைத் தேர்ந்தெடுப்பார்? அந்த வகுப்பில் என் குரலுக்கு ஈடு கிடையாது. சட்டையைத் துவைத்து, சொம்பில் நெருப்புப் போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டு போனேன்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைமை ஆசிரியர் ஒரு பக்கம், வாத்தியார் சுவர் ஓரம். என்னைக் கூப்பிட்டார்கள். நிமிர்ந்து நின்றேன். செய்யுளின் முதல் அடியைச் சொன்னேன். கடைசி பெஞ்சு என்ன, தெருக்கோடிக்கே கேட்டிருக்கும்.

சொல்லிவிட்டு நின்றேன்.

இரண்டாவது அடி நாக்கு நுனியில்தான் இருந்தது. வரவில்லை. ஏலோ கேட்கவில்லையே, எப்படி வரும்? வருஷம் பூராவும் அந்தச் செய்யுளை நான் தனியாக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பின்னால் ஆளில்லாத கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

"மறந்துவிட்டதா, தம்பி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மறக்கலீங்க சார்."

"பிறகென்ன, சொல்."

மறுபடியும் முதல் அடியைச் சொன்னேன். மறுபடியும் அங்கேயே நின்றேன். கண்ணுக்கு முன்னால் கட்டுமரம் ஆடியது. தலைமை ஆசிரியர் கையை அசைத்து "போய் உட்காரு" என்றார்.

அப்போது பின் பெஞ்சிலிருந்து மெதுவாக ஒரு சத்தம் வந்தது. "ஏலோ." என் கூட்டாளிதான், வாசப்படிக் கேள்வி கேட்டவன்.

என் வாய் தானாகத் திறந்தது. இரண்டாவது அடி வந்தது. இந்தத் தடவை குப்பத்துப் பையன்கள் எல்லாரும் ஏலோ சொன்னார்கள். மூன்றாவது அடிக்குக் காலடிப்பேட்டைப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜென்மத்தில் கயிற்றைத் தொடாதவர்கள், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பெஞ்சே முன்னால் நகர்கிற மாதிரி இழுத்தார்கள். செய்யுள் முடிந்தபோது வகுப்பு முழுக்க மூச்சு வாங்கியது.

தலைமை ஆசிரியர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் வாத்தியாரைப் பார்த்து, "இது நீங்கள் சொல்லிக்கொடுத்த முறையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. இன்றைக்குத்தான் நானே கேட்கிறேன்," என்றார் வாத்தியார். கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் என்னையே கேட்டார். கயிறு, வலை, ஏலோ எல்லாம் சொன்னேன். "ஏலோ வர்லன்னா கவுற வுட்டுட்டான்னு அர்த்தங்க சார். மேல போவக்கூடாது," என்றேன். இன்ஸ்பெக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"சரி. செய்யுள் தெரிகிறது, உனக்கும் இவர்களுக்கும். படிக்கத் தெரியுமா என்பது இதிலிருந்து தெரியவில்லையே," என்று சொல்லித் தன் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். "யாரும் ஏலோ சொல்லக் கூடாது."

பாலைவனத்தில் ஒட்டகச் சவாரி போன யாரோ எழுதியது. நான் ஒட்டகத்தைப் பார்த்தது கிடையாது. விரல் தானாகக் காகிதத்துக்குப் போனது, பிடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். மெதுவாகத்தான் படித்தேன். இரண்டு இடத்தில் நின்று திரும்பப் படித்தேன். ஆனால் கடைசிவரை படித்தேன், தனியாக.

"மடித்து வை. அதில் என்ன இருக்கிறது?"

அம்மா கேட்கிற கேள்வி. பதிலும் அம்மாவுக்குச் சொல்கிற மாதிரியே வந்துவிட்டது.

"மணலுதான் சார், கண்ணுக்கு எட்டுன மட்டும். ஒட்டகத்து மேல குந்திகினு போறாங்க. அது ஒரு பக்கமா எழுந்திருச்சு ஒரு பக்கமா ஆடுமாம், அலையில போற மாதிரி. எனக்கு அந்த வேலையும் வேணாம் சார்."

வகுப்பு சிரித்தது. "ஏன் வேண்டாம்?" என்றார் அவர்.

"வாந்தி வரும் சார்."

"அப்படி அதில் எழுதியிருக்கிறதா?"

"புதுசா ஏறுறவங்களுக்குத் தலை சுத்தும்னு போட்டுக்குது. வாந்தி நான் சேத்தது."

இன்ஸ்பெக்டர் பத்திரிகையை வாங்கி அந்த இடத்தைத் தேடிப் படித்துப் பார்த்தார். பிறகு தலைமை ஆசிரியரிடம், "இவனை அனுப்பலாம். ஆனால் தனியாகச் செய்யுள் சொல்லப் பழகட்டும்," என்றார். பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்ததுகூட ஞாபகம் இல்லை.

பரீட்சை எழுதினேன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, எழுதுவதற்கு யாரும் ஏலோ சொல்ல வேண்டியதில்லை. பாஸ் என்று தெரிந்த அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கடற்கரைக்கு ஒரே ஓட்டம். அப்பா சாய்த்து வைத்த கட்டுமரத்தின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். அவருடைய கூட்டாளி பக்கத்தில் படுத்திருந்தார்.

"நைனா, பாஸு."

அவர் தலை நிமிரவில்லை. "நெஜமாவா?"

"நெஜம். வாத்தியாரே சொன்னாரு."

அப்பா ஊசியை மணலில் குத்தி வைத்துவிட்டு, கையை ஊன்றிப் பின்னால் சாய்ந்தார். அவர் அப்படி மூச்சு விட்டதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"ஒரு வருசமா சரியாத் தூக்கம் கெடையாதுடா எனக்கு. உன்ன மரத்துல ஏத்திகினு போவணும்னா, நான் துடுப்புப் போடறதா, உன்னப் புடிச்சிகினு குந்தறதா? ஒரு நாளு தண்ணியில வுட்டுட்டு வந்து உங்கம்மா கைல இன்னான்னு சொல்லுவேன்?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அப்போ ஏன் நைனா கோட் அடிச்சா மரந்தான்னு சொன்ன?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற? குப்பத்துல பொறந்த புள்ளைய, நீ கடலுக்கு வராதன்னு எந்த அப்பன் வாயால சொல்லுவான்? நீயா வேற வேலைக்குப் போனாத்தான் மரியாதி."

சொல்லிவிட்டு, படுத்திருந்த கூட்டாளியைக் காலால் தட்டினார். "யோவ், எழுந்திரு. அவன் வர்லியாம். வேற ஆளு பாக்கணும் மரத்துக்கு."

கூட்டாளி கண்ணைத் திறக்கவே இல்லை. "நான் போன மாசமே பாத்து வெச்சிட்டேன்," என்றார். "இவன் பாஸ் பண்லன்னா நானே வேற மரத்துக்குப் போலாம்னு இருந்தேன்."