இளவரசியின் கடைசிப் பரீட்சை

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஓர் இளவரசி படிக்கிறாள் என்று நான் வீட்டில் வந்து சொன்னபோது அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். அரண்மனை எப்படி, நகை எவ்வளவு என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்தேன். "என்ன படிக்கிறா?" என்றுதான் கேட்டார். என்னைப்போலவே சிவில் இன்ஜினியரிங் என்றேன். "அப்ப நல்ல பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டுப் பானைப் பக்கம் திரும்பினார். யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கு ராச வம்சமெல்லாம் படிப்புக்குப் பிறகுதான்.

அவளுடைய நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் ஆளையும் சொன்னதாகிவிடும், அவ்வளவு சின்ன நாடு. அரசர் அவளுடைய அப்பப்பா, தகப்பனைப் பெற்றவர். அரண்மனை வளவுக்குள் அவளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் நடந்ததாம். கூடப் படிக்க அமைச்சர்களின் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து அனுப்புவார்களாம். வீட்டில் சொல்லிவிட்டபடி அந்தப் பிள்ளைகள் வேண்டுமென்றே கணக்கைப் பிழையாகச் செய்வார்கள்; இவள் எப்போதும் முதலாம் பிள்ளை. கனடாவுக்கு வந்து, மொன்றியலில் எங்களோடு எழுதிய முதல் பேப்பரிலேயே பெயில். பாலத்தில் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் இறங்கும் என்று கணக்குப் பார்க்கும் பாடம் அது. டவுன்டவுனிலிருந்து எங்கள் வீட்டுக்கு மெட்ரோவில் வரும் வழியெல்லாம் அந்தத் தாளை விரித்து வைத்துச் சிரித்தாள். பிறந்ததிலிருந்து யாரும் விட்டுக்கொடுக்காமல் தனக்குக் கிடைத்த முதல் மார்க் இதுதான் என்றாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பெயில் விட்டதுக்கு ஏனடி இந்தப் பிள்ளை பல்லைக் காட்டுது?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை கறி ஊற்றினார்.

அடுத்த வருடம் அதே பாடத்தை மறுபடி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் படிப்பு. அவளுக்குக் காவலாக வரும் மனிதர் கீழேயிருந்த டெப்பனர் என்ற மூலைக் கடையில் கோப்பி குடித்தபடி நிற்பார், பாவம். அம்மா குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்து பிரெஞ்சு பிடித்தவர். மூன்று வயதுப் பிள்ளைகளோடு கதைக்கும் அதே பிரெஞ்சில்தான் இளவரசியையும் சாப்பிடு, கை கழுவு, படி என்று அதட்டுவார். அவளுக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது.

டிசம்பரில், பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அரசர் இறந்துவிட்டார். ஒட்டாவாவிலிருந்து தூதரக ஆட்கள் பயணச்சீட்டோடு வந்து இறங்கினார்கள். அவள் அவர்களைக் காரில் இருக்க வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பல்கலைக்கழகம் பரீட்சையைத் தள்ளித் தரும்தான். ஆனால் துக்கம் வந்தால் அரச குடும்பத்துப் பெண்கள் ஒரு வருடம் அரண்மனையை விட்டு வெளியே வர முடியாது. அதன் பிறகு தன்னைத் திரும்ப விடுவார்களா என்பதுதான் அவளுடைய பயம். என்ன செய்யட்டும் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. அவருடைய பிரெஞ்சைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "எங்கட அப்பா செத்து மூண்டாம் நாள் நான் போய்ச் சோதினை எழுதினனான். ஊரே பாத்து மெச்சினது. நீ எழுதிப்போட்டுப் போ பிள்ளை."

எங்கள் ஊரில் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்காமல் சவம் எடுப்பதில்லை. அது அம்மாவுக்குத் தெரியாததா? ஆனால் சோதினை என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் சனத்துக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். உங்கள் நாட்டில் பேரப்பிள்ளைக்கு என்ன கடமை என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவளுடைய நாட்டில் மூத்த பேரப்பிள்ளை விளக்கேந்திச் சவத்துக்கு முன்னே நடக்க வேண்டுமாம். இதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். அவள் பரீட்சை எழுதிய அன்று மாலையே புறப்பட்டாள். விமானம் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் எரிந்து முடிந்திருந்தது. விளக்கைச் சித்தப்பாவின் மகன் ஏந்தியிருந்தான். தாளில் கோடு கீறுவதற்காக அப்பப்பாவை விட்டவள் என்று ஊர் பேசியது. அவளுடைய தகப்பன் நெடுநாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு வருடம் முடிந்தது, இரண்டு முடிந்தது, படிக்க அனுப்பவில்லை. அந்தப் பரீட்சையின் மறுமொழி அவள் போன அடுத்த மாதமே வந்திருந்தது; நல்ல மார்க்கோடு பாஸ். நான் செய்தி அனுப்பினேன். "உன் அம்மாவுக்குச் சொல்லு" என்று மட்டும் பதில் வந்தது.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு, போன கிழமை அம்மாவின் தொலைபேசியில் ஒரு காணொளி பார்த்தோம். பட்டுடுத்தி, தலை நரைக்கத் தொடங்கிய இளவரசி தன் நாட்டில் புதுப் பாலம் ஒன்றைத் திறந்துவைக்கிறாள். இளம் பொறியியலாளன் ஒருவன் பாரம் எங்கே இறங்குகிறது என்று கையைக் கையை ஆட்டி அவளுக்கு விளக்குகிறான். அவள் ஒன்றும் தெரியாதவளாகத் தலையாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அம்மா அதை நிறுத்திவிட்டுத் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். தகப்பன் செத்த மூன்றாம் நாள் எழுதிய அந்தப் பரீட்சையில் அவரும் பாஸ்தான். யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியது, பல்கலைக்கழக வாசலை அவர் மிதிக்கவேயில்லை.

"பட்டமும் இல்லை, அப்பப்பாவின்ர முகத்தையும் பாக்கேல்லை" என்றார். "என்னை நம்பியெல்லோ அந்தப் பிள்ளை வந்து கேட்டது."