மெத்தையில் படுக்கச் சொன்னார்கள்

விடியற்காலை சுபுஹுத் தொழுகையில் சஜ்தாவுக்குப் போனேன் (நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது). நெற்றி தரையைத் தொட்டது. எழுந்திருக்க இடுப்பு வரவில்லை.

பிட்டத்தில் தொடங்கிக் குதிகால் வரைக்கும் யாரோ சூட்டுக்கோலை இழுத்ததுபோல் இருந்தது. அப்படியே கிடந்தேன். மருமகள் ஜைனம்பு ஓடி வந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். நான் யார் கையையும் பிடித்து எழுந்தவள் இல்லை. இடுப்பைவிட அதுதான் அன்று எனக்கு வலித்தது.

அதன்பின் நாற்காலியில் உட்கார்ந்து தொழச் சொன்னார்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் தலையை மட்டும் தாழ்த்தி முடிப்பது, ஒரு வீட்டுக்குப் போய் வாசலிலேயே சலாம் சொல்லிவிட்டுத் திரும்புவதுபோல் இருந்தது. மறுபடியும் தரையில் நெற்றி வைக்க வேண்டும், யார் கையும் இல்லாமல் எழ வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இடுப்புப் பிடித்துக் கிடப்பவர்களே, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதையும் ஊரே முடிவு செய்யும்.

குதிரை வண்டியில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வண்டியின் குலுக்கலில் பாதி உயிர் போனது. மீதி உயிர் தாழ்வாரத்துப் பெஞ்சில் காத்திருந்ததில் போனது. டாக்டரம்மா வெள்ளைக்காரி. முன்ஷி (மொழி சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்) வைத்துத் தமிழ் படித்தவர். ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து எடுத்து வைப்பார். காலை நீட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு, சயாட்டிகா என்றார் (இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் நரம்பில் வரும் வலி; பெயர்தான் புதிது). லினிமெண்ட் கொடுத்தார் (தேய்க்கிற மருந்து, கண்ணெல்லாம் எரியும்). கடைசியாகச் சொன்னார்:

“இனித் தாங்கள் தரையில் படுக்கலாகாது. மெத்தையில்தான் படுக்க வேண்டும்.”

எங்கள் ஊரில் மெத்தை என்றால் மாடி. மெத்தை வீடு என்றால் மாடி வீடு. பஞ்சில் தைப்பதும் மெத்தைதான், அது தெரியாமல் இல்லை. ஆனால் அது புது மாப்பிள்ளைக்குப் போடுவது. கிழவிக்கு எவன் போடுவான்?

என் மகன் அபுவுக்குச் சந்தேகமே வரவில்லை. “மெத்தையில காத்து வரும்லம்மா, அதுக்குத்தான் சொல்லியிருக்காக” என்றான்.

“மேலயும் தரைதானடா இருக்கு?”

“அது கீழ்த்தரை மாதிரி ஈரம் இல்லம்மா. டாக்டரம்மாவுக்குத் தெரியாததா?”

அபுவின் கடை ஆட்கள் இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். எங்கள் மாடிப்படியில் ஆடுகூட ஏற யோசிக்கும். கோடைகாலம் வேறு. பகலெல்லாம் வெயில் குடித்த காரைத்தளம் ராவெல்லாம் அதைக் கக்கியது. அதன் மேல் பாயைப் போட்டு, வைத்தியம் நடக்கிறது என்று நம்பிக் கிடந்தேன். கீழே போக வேண்டிய தேவைக்கெல்லாம் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். வலி கூடியது. “மருந்து வேலை செய்யுதும்மா, அதான் கூடுது” என்றான் அபு. எந்தத் தாய்க்கும் இப்படிப் பதில் வைத்திருக்கிற ஒரு மகன் இருப்பான்.

மறுபடி ஆஸ்பத்திரி.

“மெத்தையில் படுத்தீர்களா?”

“படுத்தேன். வலி கூடித்தான் போச்சு.”

“ஏன்? மெத்தை கடினமாக உள்ளதா?”

“காரை போட்டது பின்ன எப்படி இருக்கும்? அதுலயும் அந்தப் படி ஏறி எறங்க முடியலை.”

“மெத்தைக்குப் படி எதற்கு?”

பக்கத்தில் நின்ற நர்ஸ் உள்ளூர்ப் பெண். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். பிறகு அவள்தான் எடுத்துச் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அபுவும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

மெத்தை வந்தது. புது இலவம்பஞ்சு, கோடு போட்ட துணி. அதைக் கயிற்றுக் கட்டிலில் போட்டார்கள். படுத்தால் உடம்பு நடுவில் இறங்கி, தலையும் காலும் மேலே நின்றன. தூளியில் போட்ட பிள்ளைகூட அழுதால் யாராவது ஆட்டுவார்கள். எனக்கு அதுவும் இல்லை. புரண்டால் பஞ்சும் கூடப் புரண்டது. முதுகு வெந்தது.

பார்க்க வந்தவர்களெல்லாம் நோயைக் கேட்கவில்லை, மெத்தையை அமுக்கிப் பார்த்தார்கள். திருமங்கலத்திலிருந்து நாத்தனார் சுலைகா வந்தாள். “என்ன மதினி, புதுப்பொண்ணு மெத்தை! பன்னீர் தெளிக்கலையா?”

“உங்கண்ணன் இருந்திருந்தா எனக்கு எங்க இந்த மெத்தை? அவுகதான் படுத்திருப்பாக. நான் கீழதான்.”

ஒரு மத்தியானம் வீட்டில் எல்லோரும் அசந்த நேரம், பாயை விரித்துத் தரையில் படுத்தேன். அப்பாடா என்றிருந்தது. சுகமான தூக்கம். எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. ஜைனம்புவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

டாக்டரம்மாவிடம் கட்டில் நடுவில் விழும் குழியைப் பற்றிச் சொன்னேன். கயிற்றுக்கு மேல் பலகை போட்டு, அதன் மேல் மெத்தையைப் போடச் சொன்னார். “உடம்பு பழகக் காலம் பிடிக்கும்” என்றார். பழைய கதவுப் பலகை ஒன்று கிடந்தது, போட்டோம். முதல் சில நாட்கள் மெத்தை என்னையும் நான் மெத்தையையும் முறைத்துக்கொண்டே இருந்தோம். பிறகு ஒரு காலையில் ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றினேன். எழுந்து நின்றிருந்தேன். ஜைனம்பு அடுப்படியில் இருந்தாள்.

புது மெத்தை உங்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டால் நான் சொல்வது இதுதான். படுக்கும்போது கேட்காதீர்கள்; எழும்போது கேளுங்கள். பிடிப்பது வேறு, சேர்வது வேறு. பாகற்காய் யாருக்குப் பிடிக்கிறது? இந்த மெத்தை எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. சேர்கிறது.

மழைக்காலம் தொடங்கியபின் ஒரு நாள், சாயங்கால அஸர் தொழுகைக்கு நாற்காலியை ஒதுக்கிவிட்டுப் பாயில் நின்றேன். மெள்ளக் குனிந்தேன். நெற்றி தரையைத் தொட்டது. தரை அத்தனை குளிர்ச்சி என்று எனக்கு முன்பு தெரியாது. இத்தனை வருஷம் வேலை கிடக்கிறது, அடுப்பு கிடக்கிறது என்று தொட்டதும் எழுந்தவள்தான் நான். அன்று எழ மனமில்லாமல் இருந்தேன்.

இரண்டு கைகள் கக்கத்தில் நுழைந்தன.

“விடுடீ!” என்று கத்திவிட்டேன். பேசியதால் தொழுகை முறிந்தது.

“எந்திரிக்க முடியலையோன்னு நெனச்சேன் மாமி! இம்புட்டு நேரமா கெடந்தீகளே!”

“முடியாமக் கெடந்தேனா? கெடக்க முடிஞ்சதுனால கெடந்தேன்!”

மறுபடி முதலிலிருந்து தொழுதேன். மறுபடி இறங்கினேன், மறுபடி எழுந்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக, அவள் கண்முன்னால்.

இப்போதெல்லாம் என் உடம்பு சொல்லிவிட்டுத்தான் அசைகிறது. நானும் கேட்டுவிட்டுத்தான் அசைக்கிறேன். சஜ்தாவில் எனக்கு அவசரமே இல்லை. அவசரமெல்லாம் கதவோரம் நிற்கும் ஜைனம்புவுக்குத்தான்.