அப்பாவின் வால்வு செட்

சித்தப்பா, அப்பாவின் வால்வு ஆம்ப்ளிஃபயரை எரித்தது நீங்கள்தான்.

நேற்று முகப்பேர் கடையில், பாட்டுக் கேட்க வீட்டுக்கு ஒரு பழைய வால்வு செட் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடேறியதும் தூசி கருகும் வாசனை வந்தது. "ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணாதீங்கம்மா, உள்ள டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சிடும்" என்றார் கடைக்காரர்.

நம் பழைய மேனாம்பேடு வீட்டிலும் இதே வாசனைதான். ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் செட்டைப் போடுவார். உள்ளே பல்பு மாதிரி இருக்கும் வால்வு சிவக்கும்வரை யாரும் பேசக்கூடாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒருநாள் மத்தியானம் நீங்கள் ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் கழற்றி நண்பர் வீட்டு விசேஷத்துக்குத் தூக்கிப் போனீர்கள். பாடிக்கொண்டிருந்த செட்டை அணைக்கவில்லை. அப்பா வந்தபோது அது புகைந்துகொண்டிருந்தது. பின்னாலேயே நீங்களும் பெட்டியோடு திரும்பினீர்கள்.

"உன் பொண்ணுதான் அண்ணாத்தே, நோண்டிகினே இருந்தா" என்றீர்கள்.

அப்பா அடிக்கவில்லை. "கைராசி கெட்டவ, இனிமே எதையும் தொடாத" என்றார். சாகும்வரை ஒரு சுவிட்சைக்கூட என்னைப் போடவிட்டதில்லை. இன்றும் சொந்தக்காரர்கள் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள்.

ஸ்பீக்கரை எடுத்ததால்தான் எரிந்தது என்று நேற்றுவரை எனக்குத் தெரியாது. எலக்ட்ரீஷியனான உங்களுக்கு அன்றைக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேரனுக்குக் காதுகுத்து. எல்லாரும் வருவார்கள். அத்தனை பேர் முன்னாலும் நான் கேட்பேன், நீங்கள் சொல்ல வேண்டும்: அந்த செட்டை எரித்தது யார்?