முத்துராணி கடைக்கு வராத பஸ்

1998-இல் முத்துராணி எனக்கு நாலாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். புருஷன் போனபிறகு எஸ்டேட் வேலையை விட்டு மலையிறங்கி வந்தவள். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, ஆற்றங்கரைச் சிவன் கோயில் வாசலில் இட்லிக் கடை போட நான்தான் கொடுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் மூன்று பலசரக்குக் கடை நடத்துகிறவன். ஆள் பார்த்துத்தான் கொடுப்பேன். ஆனால் அந்தக் கோயிலுக்குப் பஸ் கிடையாது, ஆளும் வரவில்லை. கார்த்திகைக்குள் பணம் வராவிட்டால் கடையை எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சமயம் பாளையங்கோட்டையிலிருந்து சித்ரலேகா என்ற ஆராய்ச்சிப் பெண் வந்தாள். எந்தெந்தக் கோயிலுக்குப் பஸ்ஸில் போகலாம் என்று கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறாளாம். பஸ் போகும் கோயில் பச்சை, போகாதது சிவப்பு. சிவப்புக்குத்தான் புதுப் பஸ் கேட்டு எழுதுவார்கள். ஒருநாள் விடிந்ததும் ஜீப்பில் வந்து இறங்கி முத்துராணியிடம், "இங்க பஸ் வருமா?" என்று கேட்டிருக்கிறாள். போணி ஆகாத நேரத்தில் வியாபாரி வாயில் 'இல்லை' வரலாமா? "வரும்மா" என்றுவிட்டாள். கோயில் பச்சையாகிவிட்டது.

"ஏட்டி, வந்த பஸ்ஸ வாயாலயே வெரட்டிட்டியே!" என்றேன்.

"போணி ஆவல அண்ணாச்சி, நான் என்ன செய்ய?"

பாளையங்கோட்டைக்கு அவளை நானே கூட்டிக்கொண்டு போனேன். சித்ரலேகா கோபப்பட்டாள்.

"நாளன்னைக்குப் படம் கலெக்டர் ஆபீஸுக்குப் போகுது. அன்னைக்கு வரும்னீங்க, இன்னைக்கு வராதுங்கீங்க. எத நம்ப?"

"நாளைக்கு என் கடையில வந்து உக்காருங்கம்மா. பொழுதடையுததுக்குள்ள ஒரு பஸ் வந்தாலும் பச்சையே இருக்கட்டும்" என்றாள் முத்துராணி.

மறுநாள் வரப்பில் நடந்து வந்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். மத்தியானம் கடந்தது. சாயங்காலம் வளைவுக்கு அப்பால் இன்ஜின் சத்தம். புழுதி எழுந்தது. சித்ரலேகா எழுந்து நின்றாள்.

"கல்யாணத்துக்குப் பிடிச்ச பஸ்ஸா இருக்குமோ, அண்ணாச்சி?" முத்துராணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பைய பேசு."

எத்தனையோ கணக்கு முடித்தவன் நான்; நானே எழுந்து வளைவைப் பார்த்தேன். வந்தது செங்கல் லாரி. டிரைவர் தலையை நீட்டி, "அக்கா, நாலு இட்லி கட்டுங்க" என்றான்.

சித்ரலேகா பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். "கம்ப்யூட்டர்லயும் மாத்திருதேன்."

நானும் தவணையை நீட்டினேன். அடுத்த ஆனியில் பஸ் வந்தது. பிரதோஷத்துக்குக் கோயில் வாசல் கொள்ளவில்லை. ஐப்பசியில் ஒருநாள் முத்துராணி என் கடைப்படி ஏறி வந்தாள்.

"கைய நீட்டுங்க அண்ணாச்சி."

உள்ளங்கையில் நூறு ரூபாய்த் தாளை ஒவ்வொன்றாக வைத்தாள். வியாபாரி எண்ணும்போது ஒன்றுக்குப் பதில் 'லாபம்' என்றுதானே தொடங்குவான். "லாபம், ரெண்டு, மூணு..." கடைசித் தாள் விழும்வரை நான் கையை மடக்கவில்லை.